கதை அரசும் ஊர் ஆட்சியும்



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடிவருகிறது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் ஏறி இறங்கும் கல்லூரி மாணவர்களின் கையிலுள்ள கைபேசிகளில் இக்காலத்தில் அடிக்கடி தோன்றுவன ஜப்பான் நாட்டு அசைவுச் சித்திரப் படங்கள். 'அனிமே' என்பது அவற்றிற்கு வழங்கும் பெயர். அவற்றுள் ஒரு வகையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வாளும் மந்திரமும் நிறைந்த கற்பனை நாடுகளில் நடக்கும் கதைகள்தாம் அவை. ஆயினும் அவற்றின் உயிர்நிலை போரன்று, காதலுமன்று. வரி எவ்வாறு விதிக்கப்படுகிறது, களஞ்சியம் ஏன் காலியாயிற்று, அமைச்சன் பொய் சொன்னால் அரசன் அதை எப்படி அறிவான் என்பன போன்ற வினாக்களே அக்கதைகளை நடத்திச் செல்கின்றன.

பாடப்புத்தகத்தில் குடிமையியல் என்றால் கொட்டாவி விடுகின்ற இளைஞர்கள், இல்லாத நாட்டின் வரவு செலவைக் கண் விழித்துப் பார்ப்பது பெற்றோர் பலருக்கு வியப்பாக இருக்கிறது. சிலருக்குக் கவலையாகவும் இருக்கிறது. இதனை அயல்நாட்டு மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் வேறு ஓர் உண்மை தெரியும். இச்சுவை நம் நாட்டில் மிகப் பழையது; தாம்பரத்தைச் சுற்றியுள்ள நிலப்பகுதியிலேயே அதற்குச் சான்றுகள் உண்டு. அச்சுவை நமக்கு என்ன கற்பித்தது, எதைக் கற்பிக்கத் தவறியது என்னும் இரண்டையும் ஆராய்வதே என் நோக்கம்.

முதலில், இத்தகைய படம் எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஃபுயுமி ஓனோ என்னும் ஜப்பானியப் பெண் எழுத்தாளர் 1992 முதல் எழுதிய நாவல் வரிசை 'பன்னிரண்டு நாடுகள்' எனப்படுவது. அதனை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் 45 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராக ஒளிபரப்பியது. யோக்கோ என்னும் பள்ளி மாணவி வேற்றுலகம் ஒன்றிற்குக் கொண்டு செல்லப்படுகிறாள். அங்கே கெய் என்னும் நாட்டிற்கு அவள்தான் அரசி என்று தெரிய வருகிறது. அவ்வுலகில் அரசனைத் தேர்ந்தெடுப்பது 'கிரின்' என்னும் தெய்வ விலங்கு. அரசன் நெறி தவறினால் அவ்விலங்கு நோயுறும். அது இறந்தால் அரசனும் நெடுநாள் வாழான். அரியணை வெறுமையாகக் கிடந்தால் வெள்ளமும் பஞ்சமும் கொடிய பூதங்களும் நாட்டைச் சூழும்.

யோக்கோவுக்கு அந்நாட்டு எழுத்தும் தெரியாது, வழக்கமும் தெரியாது. அமைச்சர்கள் அவள் முன் தரையில் நெற்றி படிய விழுகிறார்கள். ஆனால் அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே அவள் அரண்மனையை விட்டு நீங்கி, ஒரு சிற்றூரில் ஆசிரியர் ஒருவரிடம் தங்குகிறாள். நிலம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, அதிகாரி எவ்வாறு கொள்ளையிடுகிறான் என்பவற்றை அங்கேதான் கற்கிறாள். கொடிய அதிகாரிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது அவர்களோடு நிற்கிறாள். பிறகு அவள் பிறப்பிக்கும் முதல் ஆணை, ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்கும் வழக்கத்தை ஒழிப்பது. முகம் தரையில் இருக்கும்போது, எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பதை அரசி எப்படி அறிவாள்?

இக்கதை இளைஞரை ஏன் கவர்கிறது என்பதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. உண்மை அரசு பெரிது. அதன் ஒரு மூலையைத்தான் நாம் காண்கிறோம். கதை அரசோ உள்ளங்கை நெல்லிக்கனி போல முழுவதும் தெரிகிறது. இது முதற்காரணம். உண்மை வாழ்வில் ஒரு தவறான ஆணையின் விளைவு பத்தாண்டுகள் கழித்து வரலாம். அதற்குள் யார் செய்தார் என்பதே மறந்துவிடும். கதையில் வினையும் பயனும் அடுத்தடுத்து நிற்கின்றன. இது இரண்டாவது. மூன்றாவது காரணமே முக்கியமானது. 'நீ இன்னும் சிறுபிள்ளை' என்று எங்கும் கேட்டுப் பழகிய ஒருவனிடம், ஒருத்தியிடம், 'இந்நாட்டின் சுமை உன்னுடையது' என்று கதை சொல்கிறது. இளமை அதற்கு ஏங்குகிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சாத்தனார் இயற்றிய மணிமேகலையை நாம் துறவு நூல் என்றும் சமய நூல் என்றும் படிக்கிறோம். அரசியலைப் பற்றிய அற்புதக் கதையாகவும் அதனைப் படிக்கலாம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் மணிமேகலைக்குக் கிடைக்கிறது. காயசண்டிகை என்பவளின் வடிவம் கொண்டு அவள் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்திற்குள் சென்று, பசியால் வாடும் கைதிகளுக்கு உணவளிக்கிறாள். செய்தி சோழ மன்னனுக்கு எட்டுகிறது. அவன் அவளை அழைத்து, என்ன வேண்டும் என்று வினவுகிறான். பொன்னும் பொருளும் அவள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வேண்டும் என்கிறாள். அவ்வாறே செய்யப்படுகிறது.

பாத்திரம் கற்பனை, அதனைக் கொண்டு கேட்கப்படும் கேள்வி கற்பனையன்று. அரசு தன் பொருளைக் கதவுக்கும் பூட்டுக்கும் செலவிட வேண்டுமா, சோற்றுக்கும் மருந்துக்கும் செலவிட வேண்டுமா என்பது இன்றும் சட்டமன்றங்களில் கேட்கப்படும் கேள்வியே. சாத்தனார் அதனோடு நிற்கவும் இல்லை. பின்னர் அரசகுமாரன் கொல்லப்பட்டபோது, சிறையை மாற்றச் செய்த மணிமேகலையே காவலில் வைக்கப்படுகிறாள். நல்ல மன்னன் ஒரு நாள் செய்த நல்ல செயல் எத்துணைப் பாதுகாப்பற்றது என்பதைக் கதை நமக்கு அமைதியாகக் காட்டிவிடுகிறது.

அடுத்து, தாம்பரத்திற்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ள பல்லாவரம். 'பல்லவபுரம்' என்னும் பழம்பெயரின் திரிபு அது. அங்குள்ள குன்றொன்றில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. பிற்காலத்தில் அது தர்காவாகி வழிபாட்டில் இருக்கிறது. அக்குகையில் மகேந்திரனுடைய விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மன்னன் தன்னைப் பற்றி உலகம் என்ன நினைக்க வேண்டும் என்று விரும்பினானோ, அதனைக் கல்லில் அங்கே காணலாம்.

அதே மன்னன் வேறொன்றையும் விட்டுச் சென்றான். தன் விருதுப்பெயர்களுள் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கேரளத்துச் சாக்கியார்கள் அதனை நடித்து வந்தமையால் ஏடுகள் அழியாமல் தங்கின. 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் அதனை அச்சிட்டார். நாடகம் நடக்கும் இடம் மகேந்திரனுடைய தலைநகரமாகிய காஞ்சியேதான். குடித்து மயங்கிய காபாலி ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தை இழந்துவிடுகிறான். பௌத்தத் துறவி ஒருவர்தாம் திருடினார் என்று பூசலிடுகிறான். வழக்கு மன்றத்திற்குப் போவோம் என்ற பேச்சு எழுகிறது. அப்போது காபாலியின் துணைவி சொல்லும் விடை கவனிக்கத் தக்கது. துறவிக்குப் பல விகாரங்களின் செல்வம் இருக்கிறது. மன்றத்து அதிகாரிகளின் வாயை அவர் நிரப்ப முடியும். ஏழைகளாகிய நாம் அங்கே போய் என்ன பயன் என்னும் கருத்துப்பட அவள் பேசுகிறாள். உண்மையில் பாத்திரத்தைத் தூக்கிச் சென்றது ஒரு நாய்.

சற்று எண்ணிப் பாருங்கள். தன் நாட்டு நீதிமன்றத்தில் கையூட்டு உண்டு என்னும் குறைகூறலைத் தானே எழுதி, தன் தலைநகரிலேயே நடப்பதாக ஒரு மன்னன் அமைக்கிறான். பல்லாவரத்துக் கல்லில் அது இடம்பெறவில்லை, இடம்பெறவும் முடியாது. கல்வெட்டு அரசின் குரல். கதையோ அரசைப் பற்றித் தெருவில் நடக்கும் பேச்சு. அரசனே எழுதினாலும் கதைக்குள் தெரு வந்துவிடுகிறது. வரலாறு படிக்கும் மாணவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு மகேந்திரனைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக வருவது நம் வீடுகளில் எல்லாம் புகுந்த கதை. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்தும் அடங்கியுள்ளன. மன்னன் பிணத்தைத் தோளில் சுமந்து வருகிறான்; பிணத்திற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, இறுதியில் ஒரு சிக்கலை அவன் முன் வைக்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும். சொன்னாலோ வேதாளம் மரத்திற்குத் திரும்பிவிடும். 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தொடங்கிய அம்புலிமாமா இதழ் இக்கதைகளை எடுத்துக்கொண்டது. மூலத்தில் இருந்தவை தீர்ந்த பின்னரும் புதியன புனைந்து பல்லாண்டுகள் வெளியிட்டது. அவற்றிற்குப் படம் வரைந்த சங்கர் என்னும் ஓவியர் 2020இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். இதழும் இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நின்றுபோயிற்று.

அவ்வேதாளக் கதைகளுள் பல ஆட்சியைப் பற்றியன. இளவரசர்களுள் பட்டத்திற்கு உரியவன் யார், அமைச்சன் செய்தது துரோகமா கடமையா என்பன போன்ற வினாக்கள் அவற்றில் வந்துகொண்டே இருக்கும். அவற்றின் அமைப்பில் ஓர் அரிய பாடம் உண்டு. மன்னன் தீர்ப்பு மட்டும் கூறினால் போதாது; காரணத்தையும் கூற வேண்டும். மௌனம் அவனுக்கு அனுமதிக்கப்படவில்லை. கதையைப் படிக்கும் சிறுவனும், பக்கத்தைத் திருப்புவதற்கு முன் தன் விடையை மனத்தில் சொல்லிப் பார்ப்பான். ஆள்பவர் தம் முடிவுக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதை எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அவ்விதழில்தான் முதன்முதலாக, தாம் கற்கிறோம் என்பதே அறியாமல் கற்றார்கள்.

நான்காவதாகக் கல்கியின் நாவல்களைச் சொல்ல வேண்டும். மகேந்திர பல்லவனைக் கதைமாந்தனாகக் கொண்ட 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர்த் திங்களில் தொடங்கி 1954 வரை நீண்டது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழ அரியணைக்கு யார் உரியவர் என்னும் சிக்கலே அதன் அடிப்படை. அதற்கு வரலாற்றுச் சான்றுகள் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உடைமைகள் பறிமுதலான செய்தியை உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகிறது. அக்குற்றத்தில் சம்பந்தப்பட்டவர்களுள் பிரமாதிராயர் என்னும் அரசு விருது பெற்றவர்களும் இருந்தார்கள். மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பனுக்கு விருப்பம் உள்ளவரை தான் அரசை ஏற்பதில்லை என்று அருண்மொழி ஒதுங்கினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அவன் 985இல்தான் அரசேறினான். முதலாம் இராசராசன் என்று வரலாறு அவனைப் போற்றுகிறது.

இங்கே ஆண்டுகளை உற்று நோக்குங்கள். இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 சனவரி 26. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்தது. 'அரசுரிமை யாருக்கு?' என்னும் கதையை வாரந்தோறும் படித்த மக்கள், அதே ஆண்டுகளில் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்குச்சாவடிக்கும் சென்றார்கள். ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புப் புதிதாகக் கைக்கு வந்தபோது, ஆட்சியைப் பற்றிய கதையை மக்கள் அவ்வளவு ஆவலோடு நாடியது தற்செயல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்நாவலின் உச்சம் ஒருவன் முடியைப் பெறுவதில் இல்லை. கைக்கு வந்த முடியை விட்டுக்கொடுப்பதில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை கதைகளின் நன்மைகள். இனி அவற்றின் குறையைச் சொல்லியாக வேண்டும். மணிமேகலையின் சோழன் முதல் கெய் நாட்டு யோக்கோ வரை, எல்லாக் கதைகளிலும் நாட்டின் நன்மை ஒரு நல்லவரைச் சார்ந்து நிற்கிறது. அரசன் மாறுவேடத்தில் நகர்வலம் வருவான், குறையைக் காண்பான், மறுநாள் தீர்ப்பான். இக்கதைகளிலேயே ஊறியவர்கள், உண்மை வாழ்விலும் ஒரு நல்லவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்று காத்திருக்கத் தொடங்குவார்கள். காத்திருப்பவன் குடிமகன் ஆகான். அவன் பழைய குடிபடையாகவே இருந்துவிடுகிறான். நம்மிடம் கிரின் என்னும் விலங்கு இல்லை. ஆள்பவர் நெறி தவறும்போது தானாக நோயுற்று நமக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை.

அவ்விலங்கின் இடத்தில் நம் முன்னோர்களுள் சிலர் எதனை வைத்தார்கள் என்பதை அறிய, செங்கற்பட்டுக்கு அப்பால் உள்ள உத்தரமேரூருக்குச் செல்ல வேண்டும். முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபை ஏற்படுத்திய விதிகள் அங்குள்ள கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிய உள்ளங்கையைத் திறந்து வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடலாகாது அன்றோ? பிறகு அது உரக்கப் படிக்கப்பட்டது.

அவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பதவிக் காலம் 360 நாட்கள். அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. 919இல் செய்த விதிகள் போதாமையால் இரண்டே ஆண்டுகளில் அவை திருத்தப்பட்டன என்பதையும் கவனியுங்கள். நல்லவரைத் தேடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. நல்லவரும் தவறலாம் என்று கருதி விதி செய்தார்கள்.

ஆயினும் அதனை இன்றைய மக்களாட்சிக்கு ஒப்பானதென்று பெருமைப்பட்டு நிற்பது வரலாற்றிற்குப் பொருந்தாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்களுக்கே அங்கு இடமிருந்தது. நிலத்தை உழுதவர்களின் பெயரும் பெண்களின் பெயரும் அக்குடத்திற்குள் விழவில்லை. மணிமேகலை என்னும் கதையில் ஒரு பெண் அரசனிடம் சென்று ஆட்சியை மாற்றக் கேட்க முடிந்தது. உத்தரமேரூர் என்னும் வரலாற்றில் அது முடியவில்லை. விதி செய்யத் தவறியதைக் கதை முன்னரே நினைத்துப் பார்த்திருந்தது. கதையை நாம் ஒதுக்கலாகாது என்பதற்கு இதுவே வலிய காரணம். கதை யார் விடுபட்டார் என்று காட்டும். விதி, சேர்க்கப்பட்டவரை நாளையும் காக்கும்.

புதிய ஜப்பானியக் கதைகளுள் சிறந்தவை இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வழக்கையே எடுத்துப் பேசுகின்றன. யோஷிகி தனாகா 1982 முதல் 1987 வரை எழுதிய விண்வெளி நாவல் வரிசை ஒன்று, 1988 முதல் 1997 வரை 110 பகுதிகளாகச் சித்திரப் படமாயிற்று. ஆற்றலும் நேர்மையும் மிக்க ஒரு பேரரசன் ஒரு புறம். ஊழல் மலிந்து, பேச்சாளர்களால் ஏமாற்றப்படும் ஒரு குடியரசு மறுபுறம். அக்குடியரசின் படைத்தலைவனாகிய யாங் வென்லி, வரலாற்றாசிரியனாக விரும்பியவன். தன் அரசியல்வாதிகளை அவன் வெறுக்கிறான். ஆயினும் குடியரசைக் கைவிட மறுக்கிறான். நல்ல பேரரசனின் தவறுக்கு மக்கள் பொறுப்பில்லை. தம் தவறுக்குத் தாமே பொறுப்பேற்கும் உரிமையை அவர்கள் எவருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது என்பது அவன் கொள்கையின் சாரம். சிந்திக்கும் மாணவர்கள் இதன் பொருட்டு இரவெல்லாம் வாதிடுகிறார்கள் என்றால், அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை.

வருந்தத்தக்கது வேறொன்று. வாதம் கெய் நாட்டோடும் விண்வெளியோடும் முடிந்துவிடலாம். 2015ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழையில், அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. மக்கள் மாடிகளில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் நிறைந்த நிலம் இது. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என எங்கு நோக்கினும் ஏரி. கரை எதுவரை, கலங்கல் நீர் எவ்வழி போகும், அவ்வழியில் கட்டடம் எழுந்தது எங்ஙனம் என்பவை உத்தரமேரூர் ஏரி வாரியத்தின் அறுவருக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். கதையில் அரியணை வெறுமையானால் வெள்ளம் வரும். நம் ஊரிலோ அரியணை நிறைந்திருந்தும், கால்வாயைக் கவனிப்பார் இல்லையேல் வெள்ளம் வரும்.

2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதன் 70 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், நகரங்களிலும் கிராமசபையைப் போன்றே மக்கள் கூடிப் பேசுவதற்கான பகுதி சபைகள் தமிழகத்தில் தொடங்கின. இம்மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே அமர்ந்திருந்தார். முதல் நாள் கூட்டம் செய்தியாகும். பத்தாவது கூட்டத்தில் நாற்காலிகள் நிறைந்திருக்குமா என்பதுதான் கேள்வி. அங்கே மந்திரமில்லை, வாளுமில்லை. தெருவிளக்கும் கழிவுநீரும் ஏரிக்கரையுமே பேச்சு. உத்தரமேரூர்ச் சுவரிலும் பெரும்பாலும் அத்தகைய செய்திகளே எழுதப்பட்டன.

ஆகவே, கற்பனை நாட்டுக் கதைகளைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாருங்கள், பார்க்கும்போது மூன்று வினாக்களை மட்டும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டில் கணக்கை எழுதுபவர் யார், அதனைப் பார்க்க உரிமையுள்ளவர் யார்? ஆள்பவர் தவறினால் அவரை நீக்க வழி என்ன? யாருடைய பெயர் குடத்திற்குள் விழவில்லை? இவ்வினாக்களைக் கெய் நாட்டிடம் கேட்டுப் பழகியவர்கள் தம் வார்டிடமும் கேட்பார்கள் என்று நம்புகிறேன். பதினெட்டு வயதில் வாக்குரிமை உண்டென்று 1989 முதல் நம் அரசியலமைப்பு ஒப்புக்கொண்டிருக்கிறது. கதையில் யோக்கோவின் தலையில் வந்து விழுந்த சுமையில் ஒரு சிறு பங்கு, அந்த வயதில் உங்கள் ஒவ்வொருவருக்கும் வந்துவிடுகிறது. உங்கள் பகுதியில் அடுத்த சபைக் கூட்டம் என்று நடக்கிறது எனக் கேட்டறிந்து, ஒருமுறை சென்று பின் வரிசையிலாவது அமர்ந்து வாருங்கள்.